ஹார்வர்ட் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னால்

"எஸ்.ஏ.டி. 1540, ஜி.பி.ஏ. 3.96, ஏ.பி. பாடம் பதினொண்ணு, வயலின் எட்டு வருஷம், ரோபாட்டிக்ஸ் டீம்ல கேப்டன். இவளுக்கு எங்கெல்லாம் சான்ஸ் இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தன் மகளைப் பற்றி அனுப்பிய செய்தி இது. எஸ்.ஏ.டி. என்பது 1600-க்கான பொதுத் தேர்வு, ஜி.பி.ஏ. பள்ளி மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி, ஏ.பி. பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். கூடவே ஒரு லிஸ்ட். மொத்தம் இருபது கல்லூரிகள், பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் அனுமதிக்கும் அதிகபட்சம் அதுதான். அந்த இருபதில் பதினாறு, விண்ணப்பிக்கிற நூறு பேரில் பத்துப் பேரைக்கூட எடுக்காத கல்லூரிகள்.

இப்படிக் கேட்டால் ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சதவீதம் சொல்ல முடியாது. கல்லூரி வெளியிடும் சேர்க்கை விகிதம் ஒரு பக்கம், பிள்ளையின் மதிப்பெண் ஒரு பக்கம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது, அந்த வரிசைக்கென்று உண்மையில் எத்தனை இடம் மிஞ்சுகிறது, இந்த இரண்டும் தெரியாமல் சொல்லும் எந்த எண்ணும் வெறும் ஊகம்.

ஹார்வர்டையே எடுத்துக்கொள்வோம். 2028-இல் பட்டம் பெறப்போகும் வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் 3.59 சதவீதம். அந்த 54,008 பேரில் இந்த 3.59 சதவீதம் அப்படியே பொருந்துகிற ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார் என்றே சொல்லலாம், ஏனென்றால் அது பல வரிசைகளின் சராசரி. சில வரிசைகள் மளமளவென்று நகர்கின்றன, சில வரிசைகள் நகரவே நகராது.

இது எப்படி நமக்குத் தெரியும் என்றால், ஒரு வழக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்ட் மீது 2014-இல் ஒரு அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2018-இல் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது, அதுவரை வெளியே வராத சேர்க்கைத் தரவுகள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, தனிப்பட்ட குணம் என்று தனித்தனியாக மதிப்பீடு போடுகிறார்கள், 1 என்றால் மிகச் சிறப்பு, எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். பட்டம் பெறும் வருஷப்படி 2014 முதல் 2019 வரையிலான வகுப்புகளில், பெற்றோர் அங்கே படித்திருந்தால், அதாவது லெகசி என்றால், சேர்க்கை விகிதம் 33.6 சதவீதம். அந்தத் தொடர்பு இல்லாதவர்களுக்கு 5.9. பயிற்சியாளர்களே தேடிப்பிடித்துக் கூப்பிடுகிற விளையாட்டு வீரர்களுக்கு இதைவிட எவ்வளவோ மேல். வழக்குத் தொடுத்தவர்கள் தரப்பு நிபுணராக வந்த டியூக் பல்கலைப் பொருளாதாரப் பேராசிரியர் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தத் தரவை அலசியதில், இடம் பெற்ற வெள்ளை இன மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேல் விளையாட்டு வீரர்கள், லெகசிகள், டீன் தனியாகக் கவனிக்கும் பட்டியலில் இருப்பவர்கள், அங்கே வேலை செய்வோரின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகைக்குள் வந்தார்கள் என்று தெரிந்தது.

நண்பரின் மகள் இந்த நான்கில் எதிலும் இல்லை. அப்படியென்றால் அவளுடைய வரிசைக்கான விகிதம் 3.59 அல்ல, அதற்கும் கீழே. மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய முதல் வரி இதுதான், பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். அதே வழக்கின் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது, 2019 வகுப்பைப் பற்றியது. உள்நாட்டு விண்ணப்பதாரர்கள் சுமார் 26,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 3,400 பேர் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண், 2,700 பேர் ஆங்கிலப் பகுதியில் முழு மதிப்பெண், 8,000 பேருக்கு மேல் ஜி.பி.ஏ.வில் முழுப் புள்ளி. அந்த வருஷம் வெளிநாட்டவரையும் சேர்த்து இடம் கொடுத்ததே இரண்டாயிரம் பேருக்குள்தான். முழு ஜி.பி.ஏ. வாங்கிய பிள்ளைகளை மட்டும் எடுத்தாலே நான்கு வகுப்பு நிரம்பிவிடும். அதனால் நல்ல மதிப்பெண்ணுக்கு அங்கே இருக்கும் வேலை ஒன்றுதான்: விண்ணப்பத்தை முழுசாகப் படிக்க வைப்பது. அது குறைந்தால் கதவு மூடும், அது இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. 1540-ஐ 1570 ஆக்க மூன்றாவது தடவை பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் அந்த சனிக்கிழமைகளை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கல்லூரிகள் வெளியிடும் மதிப்பெண் வரம்பைப் படிப்பதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. 1500 முதல் 1570 வரை என்று போட்டிருந்தால், அது அங்கே சேர்ந்த மாணவர்களில் நடுப்பாதிப் பேரின் வரம்பு. விண்ணப்பித்தவர்களின் வரம்பு இல்லை. "என் பொண்ணு 1540, நடுவுல இருக்கா, அப்போ பாதிக்குப் பாதி சான்ஸ்" என்று நண்பர் சொன்னார். சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் அவள் நடுவில் இருக்கிறாள், அது உண்மைதான். நிராகரிக்கப்பட்டவர்களில் 1540-உம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று அந்த வரம்பு சொல்லாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது பெரும்பாலான கல்லூரிகள் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கின. எம்.ஐ.டி. 2022-இல் மறுபடி கட்டாயமாக்கியது, 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாகத் திரும்பி வந்தன (யேல் மட்டும் எஸ்.ஏ.டி.க்குப் பதில் ஏ.பி., ஐ.பி. என்ற பாடத்திட்டத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் ஏற்கிறது). இன்னும் விருப்பத்துக்கு விட்டிருக்கும் கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அனுப்புகிறார்கள், குறைவாக வாங்கியவர்கள் அனுப்புவதில்லை, அதனால் வெளியாகும் வரம்பு ஊதிப்போய் இருக்கும். எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்று பார்க்காமல் அந்த வரம்பைப் படிப்பதில் பயனில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ சேர்க்கை முடிவில் எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே கிடையாது.

அந்தச் சதவீதம் எங்கே கிடைக்கும்? காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் வருஷா வருஷம் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்த மூன்று சொற்களைச் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் சி என்ற பகுதிதான் சேர்க்கைக்கு. சி9-இல் மதிப்பெண் வரம்பும், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். சி2-இல் காத்திருப்புப் பட்டியலிலிருந்து எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்று இருக்கும், பல வருஷங்களில் சில கல்லூரிகளுக்கு அது ஒற்றை இலக்கம். நான் அதிக நேரம் செலவழிப்பது சி7-இல். ஒரே ஒரு அட்டவணை, இடது பக்கம் பாடத்தின் கடினம், வகுப்பில் ரேங்க், ஜி.பி.ஏ., கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல், திறமை, குணம், குடும்பத்தில் முதல் பட்டதாரியா, லெகசியா, எந்த மாநிலம், வேலை அனுபவம் என்று வரிசையாக இருக்கும். வலது பக்கம் நான்கு கட்டம்: மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிப்பதில்லை. கல்லூரியே தன் கையால் டிக் போட்டுக் கொடுத்தது அது.

கடைசி வரியில் விண்ணப்பதாரரின் ஆர்வம் என்று ஒன்று இருக்கும். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் அதைக் கவனிப்பதில்லை என்று சொல்கின்றன, கூப்பிட்டால் வரப்போகிறவர்கள்தான் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த தட்டில் இருக்கும் சில கல்லூரிகள் அதை முக்கியம் என்று குறித்திருக்கும். அங்கே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல், அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்காமல், "சேஃப்டிக்கு இதையும் போட்டு வைப்போம்" என்று போட்டால், இந்தப் பிள்ளை வரப்போவதில்லை என்று அவர்களுக்கும் புரிந்துவிடும். நண்பரின் லிஸ்டில் மிச்சமிருந்த நான்கில் இரண்டு இப்படிப்பட்டவை. மதிப்பெண்படி சுலபமாகத் தெரிகிற கல்லூரி கைவிட்டுப் போவதற்கு இது ஒரு காரணம்.

எர்லி டிசிஷன் பற்றிப் பேசாமல் வாய்ப்பைப் பற்றிப் பேச முடியாது. நவம்பர் முதல் தேதிவாக்கில் ஒரே ஒரு கல்லூரிக்கு, இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன் என்று கையெழுத்திட்டு விண்ணப்பிப்பது. பிரவுன் பல்கலையில் 2028 வகுப்புக்கு மொத்த விகிதம் சுமார் 5 சதவீதம், எர்லி டிசிஷனில் சுமார் 14. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்த 14-க்குள் பயிற்சியாளர் ஏற்கெனவே பேசி வைத்த விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள், லெகசிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூன்று மடங்கு நிற்காது. கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது, கட்டாயம் வரும் பிள்ளை என்பது கல்லூரிக்கு மதிப்புள்ள விஷயம். அதற்குக் கொடுக்கும் விலை, வேறு கல்லூரிகள் தரும் நிதி உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை. உதவித்தொகைக் கணிப்பான் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கிறது, சட்டப்படி இருந்தாக வேண்டும். அதில் வருமானத்தைப் போட்டுப் பார்க்காமல் எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பணம் வேறொரு இடத்திலும் உள்ளே வருகிறது, நம் குடும்பங்களுக்கு அதுதான் அதிகம் தெரியாமல் இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு நிதி உதவி வேண்டும் என்றால், அந்தக் கோரிக்கையே சேர்க்கை முடிவில் எடை போடப்படும், பெரும்பாலான கல்லூரிகளில். ஸ்டான்ஃபோர்ட் உட்பட. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவர்களிடமும் பணத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பதாகச் சொல்கின்றன. அமெரிக்காவிலேயே வளர்ந்து, கிரீன் கார்டு வரிசையில் அப்பா அம்மா காத்திருக்க, எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளும் பல கல்லூரிகளில் இந்த விஷயத்தில் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள், மத்திய அரசின் கல்வி உதவியும் அவர்களுக்குக் கிடையாது. முதல் வகுப்பிலிருந்து டல்லாஸில் படித்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இது தெரியவரும்போது அந்த முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசிய அமெரிக்கர் என்பதால் வாய்ப்பு குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஹார்வர்ட் வழக்கில், தனிப்பட்ட குணத்துக்கான மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர்களுக்குச் சராசரியாகக் குறைவாகப் போட்டிருந்தது வெளிவந்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது, தன் வாழ்வில் இனம் எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றும் சொன்னது. அதற்கு அடுத்த வருஷம் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40-இலிருந்து 47 சதவீதமாக ஏறியது, யேலில் 30-இலிருந்து 24 ஆக இறங்கியது. ஒரே தீர்ப்பு, எதிரெதிர் திசை. அதனால் வாய்ப்பைக் கணக்கிடும்போது இதற்காக நான் எதையும் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை.

எந்தப் பாடம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் மொத்தத்தில் நூறில் நாற்பது பேருக்கு மேல் எடுத்துவந்த காலத்திலேயே, அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. பாடப்பிரிவின் விகிதத்தைப் பார்க்காமல் கல்லூரியின் விகிதத்தைப் பார்த்து டார்கெட், அதாவது கிடைக்க ஓரளவு வாய்ப்புள்ளது, என்று எழுதிவிட்டால், அந்த லிஸ்டே பிசகிவிடும். நண்பரின் மகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்.

அப்புறம் அந்த இருபது. ஏன் இத்தனை என்று கேட்டதற்கு நண்பர் சொன்ன பதில், "ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பர்சென்ட்னு வச்சாலும் இருபது போட்டா ஒண்ணாவது விழாதா?" அவர் இன்ஜினியர், கணக்கையும் போட்டு வைத்திருந்தார்: 0.95-ஐ இருபது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 64 சதவீதம். நிகழ்தகவுப் பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சூத்திரம் தாயக்கட்டைக்குப் பொருந்தும், ஒவ்வொரு உருட்டலும் முந்தையதை மறந்துவிடும். கல்லூரிகளுக்குப் போவது ஒரே ஃபைல். அதே மதிப்பெண் பட்டியல், அதே இரண்டு ஆசிரியர்களின் கடிதம், அதே 650 சொல் கட்டுரை. கடிதம் சப்பென்று இருந்தால் இருபது இடத்திலும் சப்பென்றுதான் இருக்கும்.

அதோடு அந்த ஐந்து சதவீதமே நமக்கு நிச்சயமாகத் தெரியாது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அவளுடைய ஃபைல் நிஜமாகவே வலுவானதாக இருந்து, ஒவ்வொரு இடத்திலும் 9 சதவீதம் என்றால், இருபதில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். படிப்பவர்கள் மனதில் ஒட்டாத ஃபைலாக இருந்து ஒவ்வொரு இடத்திலும் 1 சதவீதம்தான் என்றால், 18 சதவீதம். இரண்டுக்கும் சராசரி அதே ஐந்துதான், ஆனால் மொத்த வாய்ப்பு 64-இலிருந்து 51, 52-க்கு வந்துவிடுகிறது. அவள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பது மார்ச் மாதக் கடைசிவரை தெரியாது, தெரியும்போது இருபதுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் தெரியும். இருபது துணைக் கட்டுரைகளை அவசரமாக எழுதுவதால் 9 சதவீதத்தின் பக்கம் இருக்கவேண்டிய ஃபைல் 1 சதவீதத்தின் பக்கம் சாய்வதும் நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்த பிறகு அவளிடம் கேட்டேன், பள்ளியில் ரேங்க் என்ன? எட்டு சதவீதத்துக்குள் என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு, அது நல்ல ரேங்க் இல்லை என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். டெக்சாஸில் 1997-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அந்த மாநிலப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால், உரிய பாடங்களையும் முடித்திருந்தால், மாநில அரசுப் பல்கலைகள் இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஆஸ்டினில் இருக்கும் பெரிய பல்கலைக்கு மட்டும் விலக்கு, அங்கே 2026 சேர்க்கைக்கு முதல் ஐந்து சதவீதம். ஆக ஆஸ்டின் அவளுக்கு நிச்சயம் இல்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் நிச்சயம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம் நிச்சயம். கேட்கிற பாடமே கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் பல்கலைக்குள் இடம் உறுதி. இத்தனை நாள் சதவீதம் தேடிக்கொண்டிருந்த லிஸ்டில், நூற்றுக்கு நூறு என்று எழுதக்கூடிய இரண்டு பெயர்கள் இல்லாமலே இருந்தன.

லிஸ்டைத் திருத்தினோம். நூறில் பதினைந்து பேருக்குக் கீழே எடுக்கும் எந்தக் கல்லூரியும் யாருக்கும் ரீச்தான், அதாவது எட்டிப் பிடிக்க வேண்டிய வகைதான், என்பது என் வழக்கம், 1600 வாங்கியிருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். பதினாறு ரீச்சை ஆறாகக் குறைத்தோம், நடுவில் நான்கு, அந்த இரண்டு உறுதியானவை. அவளே ஒன்றொன்றாக அடித்தாள். அடிப்பதற்கு முன் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்து, இங்கே ஏன் போகணும்னு தெரியலை அங்கிள் என்றால் அடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் செயல்பாட்டுப் பகுதியைத் திறந்தோம். காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் எழுதலாம், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துதான், இடைவெளி உட்பட. எட்டு நிரப்பியிருந்தாள். பள்ளி முடிந்து வந்ததும் மாலையில் என்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தம்பிக்கு ஆட்டிசம், அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை, நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அவனைப் பார்த்துக்கொள்வது இவள்தான், மூன்று வருஷமாக. அவன் பேச்சுப் பயிற்சிக்காக டேப்லெட்டில் படங்களை அடுக்கி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவன் தண்ணீர் கேட்கவும் பாட்டுப் போடச் சொல்லவும் அதைத் தட்டுகிறான். இதை ஏன்மா எழுதலை என்றேன். "அது வீட்டு வேலைதானே அங்கிள், ஆக்டிவிட்டி இல்லையே" என்றாள். செயல்பாட்டு வகைகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகை இருக்கிறது, அவளுக்குக் காட்டினேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் 15 என்று போட்டாள். விளக்கத்தை 150 எழுத்துக்குள் கொண்டுவர ஐந்து தடவை எழுத வேண்டியிருந்தது, டேப்லெட்டா தம்பியின் பெயரா எதை விடுவது என்று யோசித்து, கடைசியில் தம்பியின் பெயரை எடுத்துவிட்டு, அவன் முதலில் தட்டிக் கேட்ட சொல்லை வைத்தாள். வயலினை ஆறாவது இடத்துக்கு இறக்கிவிட்டு இதை முதலாவதாக இழுத்து வைத்தோம்.